துண்டைக் கீழே போடு, தலையைத் தூக்கு

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி பாளையங்கோட்டையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பாய் விரித்து மல்லாந்து படுத்திருக்கிறான். இடது கால் நேராக மேலே நிற்கிறது, பாதத்தைச் சுற்றி ஒரு துண்டு, அதன் இரண்டு முனையையும் பிடித்துத் தலைப் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறான். பல்லைக் கடித்திருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. கீழே ஒரு வரி: "அக்கா, 30 எண்ணுத வரைக்கும் பொறுத்துக்கிடுதேன். நேத்து 20தான்." மூன்று வாரமாக அவனுக்குக் குறுக்கில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை வலி. யாரோ சொல்லியிருக்கிறார்கள், பின்தொடைச் சதை இறுகிவிட்டது, இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று.

அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் இதே துண்டு, இதே எண்ணிக்கை, இதே பல்லைக் கடித்தல் எல்லாம் நானும் செய்தேன். ஐந்து வாரம் செய்தேன். எனக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தது, எழுதாமலே போய்விட்டது. இந்தப் போட்டோவுக்கு அப்புறம் தள்ளிப்போட முடியவில்லை.

எனக்கு வந்தது மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம். செம்பூரில் ஏறி சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஹார்பர் லைன் ரயிலில் போகிறவள் நான். குர்லாவில் கூட்டம் அழுத்தும், வடாலாவில் கொஞ்சம் மூச்சு விடலாம், அதற்குப் பிறகுதான் உட்கார இடம். வழக்கமாக உட்கார இடம் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். அந்த மார்ச்சில் உட்கார்ந்தால்தான் வலி, நின்றால் தேவலை. முதுகு வலித்தது இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் அது இறங்கி வலது புட்டத்துக்குள் ஆழமாகப் போய்ப் பல்வலி மாதிரி உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம், புறங்கால், கடைசியில் பெருவிரல். தும்மினால் விரல் நுனி வரை சுரீரென்று ஒரு கோடு ஓடும். பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஒரு ரூபாய் அளவு தோல் மரத்துப்போயிருந்தது.

என் அத்தைக்கு அது வாயு. வெந்நீர் ஒத்தடம், நொச்சி இலை, பூண்டுப் பால். ஒத்தடம் இதமாகத்தான் இருந்தது, அத்தையின் கை பட்டதே பாதி இதம். எலும்பு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். குறுக்கில் எல்4, எல்5 என்கிற முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, கீழே இறங்குகிற எல்5 நரம்பு வேரைத் தொடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை, ஃபிசியோதெரபி என்று எழுதிக்கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஃபிசியோ சென்டருக்குப் போனேன். பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், சூடு வைத்தார்கள், கடைசி நாள் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் மூன்றாவது படம்தான் இந்தத் துண்டு. "30 வினாடி, மூன்று முறை, வலித்தாலும் விடாதீங்க."

நான் விடவில்லை. நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பொறுத்துக்கொள்ளத்தான். தலையில் சிக்கெடுக்கும்போது பொறுத்துக்கோ, காது குத்தும்போது பொறுத்துக்கோ, பிரசவ வார்டில் கத்தாதே, பொறுத்துக்கோ. வலியைத் தாங்கினால் அந்தப் பக்கம் ஏதோ நல்லது காத்திருக்கிறது என்கிற நம்பிக்கை எலும்பு வரை ஊறிக் கிடக்கிறது. இழுக்கும்போது கால் பின்னால் கம்பி மாதிரி விறைக்கும், நான் எண்ணுவேன். விட்டதும் ஐந்து நிமிடம் லேசாக இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. இரவு பதினொரு மணிக்கு மேல் புறங்காலில் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். இன்னும் சரியாக இழுக்கவில்லை என்று நினைத்து மறுநாள் 30-ஐ 40 ஆக்கினேன்.

தலையைத் தூக்கின நிமிடம்

ஆபீசில் தாராவியிலிருந்து வருகிற ஒரு தோழிதான் சயானில் ஒரு ஃபிசியோ பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஒரே அறை, நடுவில் ஒரு திரை, ஒரு கட்டில், ஒரு முக்காலி. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். முதல் கால் மணி நேரம் என்னைத் தொடவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த நேரத்தில் வலி, எப்படி உட்கார்ந்தால், இருமினால் எங்கே ஓடுகிறது. நடுவில் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போறதுல எதுவும் வித்தியாசம் இருக்காக்கா? அடக்க முடியாம போறது, இல்ல வராம நிக்கிறது? கீழ, உட்கார்ற இடத்துல, தொடையோட உள்பக்கத்துல மரத்துப்போன மாதிரி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருந்திருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள், அது முதுகின் அடியில் குதிரைவால் மாதிரி இறங்கும் நரம்புக் கற்றையே நசுங்குகிறது என்பதற்கான அறிகுறி, சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய அவசரம். பத்து நாள் கரண்ட் வைத்த இடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அது இன்னமும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் குதிகாலில் நடக்கச் சொன்னாள், கால் நுனியில் நடக்கச் சொன்னாள். என் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி அவள் விரலால் கீழே அழுத்திப் பார்த்தாள். அழுத்தத்தைத் தாங்கி நின்றது. "சரி, பலம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தாள்.

தொடை முழுக்கக் கட்டில் மேல், முழங்காலுக்குக் கீழே தொங்கல். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். "நல்லா கூனிக்கோங்கக்கா. இப்ப தாடைய நெஞ்சுல வைங்க." வைத்தேன். "வலது காலை மெதுவா நீட்டுங்க." பாதிகூட நீட்டவில்லை, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் அந்தப் பழைய எரிச்சல் பற்றிக்கொண்டது. "இங்கதானே? அப்படியே நிறுத்துங்க. காலை அசைக்காதீங்க. தலையை மட்டும் தூக்கி சுவத்துல இருக்கிற காலண்டரைப் பாருங்க."

பார்த்தேன். பொங்கி வரும் பாலில் ஒரு கை தண்ணீர் தெளித்த மாதிரி வலி அடங்கியது. கால் அங்கேயேதான் இருந்தது, அவள் உள்ளங்கை என் குதிகாலைத் தாங்கி அசையாமல் பிடித்திருந்தது. திரும்பத் தாடையை இறக்கச் சொன்னாள், எரிச்சல் திரும்ப வந்தது. தூக்கினேன், போனது. மூன்று முறை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தொடைச் சதையைக் கழுத்துலயா கட்டியிருக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக என்னோடு இருக்கிற கேள்வி அது. ஐந்து வாரம் நான் இழுத்தது சதையை என்று நம்பி. சதை என்றால் தலையைத் தூக்கினதும் கெண்டைக்கால் வலி ஏன் போக வேண்டும்? கழுத்திலிருந்து பெருவிரல் வரை ஒரே தொடர்ச்சியாக ஓடுவது நரம்பு மண்டலம். தண்டுவடம், அதைச் சுற்றிய உறை, அதிலிருந்து கிளம்பும் வேர்கள், எல்4 முதல் எஸ்3 வரை ஐந்து வேர் சேர்ந்து திரளும் சயாட்டிக் நரம்பு, உடம்பிலேயே பருமனானது, புட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம். அது தொடையின் பின்பக்கமாக இறங்கி முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது, ஒரு கிளை முழங்காலுக்கு வெளியே எலும்பைச் சுற்றிக்கொண்டு புறங்காலுக்குப் போகிறது. நாம் குனிந்தால் முதுகெலும்புக்குள் இருக்கும் அந்தக் குழாய் பல சென்டிமீட்டர் நீள்கிறது, உள்ளே இருப்பதும் கூடவே போக வேண்டும். நல்ல நரம்பு அதன் தடத்தில் வழுக்கிக்கொண்டு போய்வரும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வேர் இருக்கும் இடத்தில் டிஸ்க் பிதுங்கி, அதிலிருந்து கசிந்த பசை பட்டு, வீங்கிப் புண்ணாகிப்போன நரம்பு அப்படிப் போகாது. வெறும் அழுத்தம் மட்டும் காரணம் இல்லை, டிஸ்க்கின் உள்கூழே நரம்பை எரிச்சல்படுத்தும். 1993-இல் ஸ்வீடனில் பன்றிகளின் நரம்பு வேரில் அந்தக் கூழை அழுத்தம் எதுவும் இல்லாமல் வைத்தே நரம்பு கெடுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

அவள் எனக்கு இதையெல்லாம் சொன்னது பாவாடை நாடாவை வைத்துத்தான். "நாடா மடிப்புக்குள்ள சிக்கிக்கிச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்க? ரெண்டு முனையையும் புடிச்சு இழுத்தா துணி சுருங்கி இன்னும் இறுகும். ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து ஒரு பக்கம் இழுத்து, அப்புறம் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்தா, நாடா உள்ளுக்குள்ளயே நகரும். நீங்க துண்டைப் போட்டு ரெண்டு பக்கமும் இழுத்திருக்கீங்க."

இவ்வளவுதானா?

அவள் கொடுத்த பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லை. முதல் வாரம் படுத்தபடி. தொடையை இரண்டு கையாலும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, முழங்காலை வலி தொடங்குவதற்கு முன்னால் நிற்கும் அளவுக்கு மட்டும் நீட்டி மடக்குவது. அடுத்த வாரம் நாற்காலியில். காலை நீட்டும்போது தலையைத் தூக்கு, காலை மடக்கும்போது தலையைத் தாழ்த்து. கீழ் முனை இழுபடும்போது மேல் முனை தளர்கிறது, மேல் முனை இழுபடும்போது கீழ் முனை தளர்கிறது. நரம்பு இறுகாமல் நகர்கிறது. ஒரு வேளைக்கு பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. எங்கேயும் பிடித்து நிறுத்தக் கூடாது, எண்ணக் கூடாது. லேசாக ஓர் இழுப்பு தெரிந்து உடனே போய்விட்டால் பரவாயில்லை, முடித்த பிறகும் எரிச்சல் தங்கினால் அளவு அதிகம், மறுநாள் குறைக்க வேண்டும். ஃபிசியோக்கள் இதை ஸ்லைடர் என்கிறார்கள். இரண்டு முனையையும் சேர்த்து இறுக்குவது டென்ஷனர், அது பிறகு, வலி நன்றாகத் தணிந்த பிறகு, எல்லோருக்கும் தேவையும் படாது.

என்னை உட்காரவைத்துப் பார்த்த அந்தச் சோதனைக்கு ஸ்லம்ப் டெஸ்ட் என்று பெயர். ஆஸ்திரேலிய ஃபிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மைட்லண்ட் 1979-இல் அதை எழுதினார். படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்ப்பது அதைவிட நூறு வருடம் பழையது, அதை 1880-இல் விவரித்தவர்களில் ஒருவர் செர்பிய மருத்துவர் லாசா லாசரேவிச், அவர் சிறுகதை எழுத்தாளரும்கூட. இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தது இந்தச் சின்ன அசைவை மனம் ஏற்க மறுத்ததால்தான். இவ்வளவு வலிக்கு இவ்வளவு லேசான மருந்தா என்று உள்ளே ஒரு குரல் சண்டை போட்டுக்கொண்டே இருந்தது. வலிக்காவிட்டால் அது வேலை செய்யவில்லை என்றே தோன்றும்.

அந்தக் குரலை அடக்கியது நான் படித்த ஒரு விஷயம். 1870கள், 80களில் ஐரோப்பாவில் அறுவை மருத்துவர்கள் சயாட்டிகா என்கிற இந்தக் கால் நரம்பு வலிக்குத் தொடையைக் கீறித் திறந்து, நரம்பை விரலால் கொக்கி போலப் பிடித்துத் தூக்கி இழுத்திருக்கிறார்கள். நிஜமாகவே இழுத்திருக்கிறார்கள். அதற்கு நரம்பு இழுத்தல் என்றே பெயர். 1883-இல் லண்டனில் ஜான் மார்ஷல் என்ற அறுவை மருத்துவர் அதைப் பற்றி ஒரு பெரிய சொற்பொழிவே நிகழ்த்தியிருக்கிறார். கொஞ்ச காலத்தில் அது வழக்கொழிந்தது. அந்தத் தொடையைத் திறந்த மேசைக்கும் என் ஹால் பாய்க்கும் நடுவே எண்ணம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. 1973-இல் முயலின் நரம்பை வைத்துச் செய்த சோதனை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. நரம்பை அதன் நீளத்தில் 8 சதவீதம் இழுத்ததுமே உள்ளே ரத்த ஓட்டம் மந்தமாகிறது, 15 சதவீதத்தில் முழுதாக நின்றுவிடுகிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறிக் கிடக்கிற நரம்பை நான் ஒரு நாளைக்கு மூன்று முறை, தடவைக்கு 40 வினாடி இழுத்துப் பிடித்திருந்தேன். இரவில் எரிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் பெருவிரலில் வலி இல்லை. மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே இல்லை, ஆனால் புட்டத்திலும் குறுக்கிலும் அதிகமானது. பயந்துபோய் போன் பண்ணினேன். "நல்லதுக்கா, வலி காலை விட்டு மேல ஏறுது, விடுங்க" என்றாள். வலி காலை விட்டு முதுகின் நடுக்கோட்டை நோக்கிச் சுருங்குவது நல்ல குறி என்று நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி காலத்திலிருந்தே ஃபிசியோக்கள் கவனித்து வருகிறார்கள். முன்கூட்டியே யாராவது சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் எல்லாம் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்போம், பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். கூடவே நடக்கச் சொன்னாள். தினமும் இருபது நிமிடம் செம்பூர் காந்தி மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ரயிலில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதை விட்டேன். பன்னிரண்டாவது வாரம் வடாலாவில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது சிஎஸ்எம்டி வரும் வரை காலைப் பற்றிய நினைப்பே வரவில்லை. இறங்கி நடக்கும்போதுதான் அது உறைத்தது.

நடுவில் ஆபரேஷன் பேச்சும் வந்தது. என் கணவரின் அண்ணன் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உடனே பண்ணிவிடச் சொன்னார், அக்கறையில்தான். இரண்டு விஷயம் எனக்குத் தைரியம் கொடுத்தது. 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது, படத்தில் தெரிவதெல்லாம் வலி இல்லை. இன்னொன்று, 2007-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு. கடுமையான சயாட்டிகா இருந்த 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்கு முதலில் மருந்தும் பொறுமையும். ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி சீக்கிரம் போனது, உண்மை. ஆனால் வருட முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் காத்திருக்க முடிந்தது, விரலில் பலம் இருந்தது. அதனால் காத்திருந்தேன். பிதுங்கின டிஸ்க் பலருக்குத் தானாகவே சுருங்கும், அந்த மாதங்களில் என் உடம்பும் தன் பங்கைச் செய்திருக்கும். அந்த அசைவு மட்டுமே என்னைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன். என் கையாலேயே அதைக் கெடுப்பதை அது நிறுத்தியது, அது எனக்குப் பெரிது.

எனக்குக் கோபம் அந்த ஜெராக்ஸ் தாள் மேல்தான். துண்டுப் பயிற்சி தப்பான பயிற்சி இல்லை, வெறும் சதை இறுக்கம் உள்ளவருக்கு அது நல்லதுதான். தலையைத் தூக்கவைத்துப் பார்க்க மூன்று நிமிடம் போதும், காசு கிடையாது, கருவி கிடையாது. அந்த மூன்று நிமிடத்தைக் கொடுக்காமல் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே தாளை நீட்டி, வலித்தாலும் விடாதீங்க என்று சொல்வது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அந்த வார்த்தையை நாங்கள் நம்பிவிடுவோம். நம்பும்படிதான் வளர்ந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். "ஏல, முதல்ல அந்தத் துண்டக் கீழ போடு" என்றேன். சிரித்தான். கட்டில் விளிம்பில் உட்காரச் சொன்னேன், போனை அவன் மனைவி பிடித்துக்கொண்டாள். கூனச் சொல்லி, தாடையை இறக்கி, காலை நீட்டி, தலையைத் தூக்கச் சொன்னேன். "யக்கா, விடுதே" என்றான், அதே ஆச்சரியத்தோடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே நாடா கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், அவன் மனைவியும் தலையாட்டிக் கேட்டாள். பத்து முறை, மூன்று வேளை என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போதுதான் சயான் அறையில் இதற்கு முன்னால் நடந்தது ஞாபகம் வந்தது. நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

ஒண்ணுக்குப் போவதைப் பற்றிக் கேட்டேன். கூச்சப்பட்டான், ஒன்றும் இல்லை என்றான். எழுந்து குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது பாதம் தூக்கிக்கொண்டு நின்றது, இடது பாதம் நாலு எட்டில் தரையைத் தட்டியது. திரும்ப நடக்கச் சொன்னேன், திரும்பத் தட்டியது. இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கச் சொல்லி அவன் மனைவியை ஒரு விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வலது விரல் அழுத்தத்தைத் தாங்கி நின்றது. இடது விரல் அவள் தொட்டதுமே மடங்கிவிட்டது. "இது எப்ப இருந்து?" என்று கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை. ஒரு வாரமாகச் செருப்பு கழன்று கழன்று போகிறது என்று அவள்தான் சொன்னாள், புதுச் செருப்பு வாங்க வேண்டும் என்று நினைத்தார்களாம்.

அப்போது நாடா கதையை நிறுத்திவிட்டேன். எந்தப் பயிற்சியும் வேண்டாம், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ, கால் வலிக்குது என்று சொல்லாதே, விரல் தூக்க வரவில்லை என்று முதல் வரியிலேயே சொல் என்றேன். நேற்று ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து பேசினான். டாக்டரும் அதே விரலைத்தான் முதலில் அழுத்திப் பார்த்தாராம். ஸ்கேன் நாளைக்கு, பார்த்துவிட்டு ஆபரேஷனா இல்லையா என்று சொல்வார்கள். நான் இன்று ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தட்கலில் கிடைத்தால் நாளைக்காவது கிளம்பிவிடுவேன்.